தொலைவழிக் குடும்ப ஆலோசனை

குடும்பப் பிணக்குகளைத் தீர்க்க ஆலோசகரின் துணை தேவை என்பதை 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஏற்றது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி-மானஸ்' திட்டமோ, 14416 என்ற கட்டணமில்லா எண்ணின் வாயிலாக மனநல ஆலோசனையை இல்லத்திற்கே கொணர்ந்தது.

தொலைவு குறைந்தது, ஆயினும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன. முதலாவது, திரையில் தோன்றும் தனியார் ஆலோசகர் தகுதி பெற்றவர்தாமா? மருத்துவ உளவியலாளரைப் பதிவு செய்ய 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் வகைசெய்துள்ளது. எனவே, அவ்வாறு தம்மைக் கூறிக்கொள்பவரின் பதிவு எண்ணைக் கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, பேசுபவர் தனித்திருக்கிறாரா? ஓரறை வீட்டில் கணவர் அருகிலிருக்க, மனைவி தம் துயரை உரைத்தல் அரிது. ஆகவே கூட்டு உரையாடலுக்கு முன் ஒவ்வொருவருடனும் தனித்துப் பேசுதல் இன்றியமையாதது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கென ஓர் அறை ஒதுக்குவது குறித்து அலுவலர்கள் சிந்தித்தல் வேண்டும்.