சீட்டுக் குலுக்கல் சொன்ன விடை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். பழம் நன்றாகப் பழுத்துவிட்டது; காம்பு தளர்ந்துவிட்டது; எப்போது வேண்டுமானாலும் விழலாம். அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்து உட்காருகிறது. பழம் 'தொப்'பென்று விழுகிறது. கீழே நின்று பார்த்தவர், "காக்கைதான் பழத்தைத் தள்ளிவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்கிறார்.

நோயும் மருந்தும் பல நேரங்களில் இந்தக் கதையைப் போலத்தான். சாதாரணச் சளி ஏழெட்டு நாட்களில் தானாகவே நின்றுவிடும். நான்காம் நாள் ஒருவர் சுக்குக் கஷாயம் குடிக்கிறார். இன்னொருவர் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். மூன்றாமவர் ஒன்றும் செய்யவில்லை. எட்டாம் நாள் மூவருக்கும் சளி இல்லை. முதலாமவர் கஷாயத்தைப் புகழ்கிறார். இரண்டாமவர் மாத்திரையைப் புகழ்கிறார். மூன்றாமவரை யாரும் கேட்பதே இல்லை!

ஆனால் உண்மை அந்த மூன்றாமவரிடம்தான் இருக்கிறது. ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா, அல்லது அது வெறும் காக்கைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காக விஞ்ஞானிகள் கையாளும் முறைக்கு மருத்துவ ஆய்வு என்று பெயர். அந்த முறையில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. அதன் முடிவு உலகம் முழுவதும் ஒரு நோய்க்குச் சிகிச்சை செய்யும் வழியை மாற்றியது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஒப்பிட ஒரு குழு

1747ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நெடுநாள் கடலில் செல்லும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, உடல் தளரும் ஸ்கர்வி நோய் வந்தது. லிண்ட் 12 நோயாளிகளை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே உணவு, ஒரே இடம். இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்குக் கடல் நீர், ஒரு ஜோடிக்கு வினிகர், இப்படி. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் மட்டும் வெகு விரைவில் தேறினர்.

லிண்ட் நமக்குக் கற்றுத் தந்த பாடம் இதுதான்: மருந்து உண்டவரை மட்டும் பார்த்தால் போதாது, அதை உண்ணாதவரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. யார் எந்தக் குழுவில் சேருவது? இதை முடிவு செய்வது யார்?

உங்கள் வகுப்பில் கபடி விளையாட இரண்டு அணி பிரிக்கிறீர்கள். பிரிக்கும் வேலையை ஓர் அணியின் தலைவனிடமே விட்டால் என்ன ஆகும்? பலசாலிகள் எல்லாம் அவன் பக்கம் போய்விடுவார்கள். பிறகு அந்த அணி வென்றால் அது பயிற்சியின் வெற்றியா, பிரித்ததின் வெற்றியா? சொல்ல முடியாது.

மருத்துவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஆனாலும், "இவர் மிகவும் மெலிந்திருக்கிறார், பாவம், இவருக்குப் புதிய மருந்தைக் கொடுப்போம்" என்று ஒருவர் இரக்கத்தால் நினைக்கலாம். "இவர் பிழைக்கக் கூடியவர், மருந்தை இவருக்குக் கொடுத்தால் வீணாகாது" என்று இன்னொருவர் நினைக்கலாம். இரண்டுமே நல்ல எண்ணங்கள்தாம். ஆனால் இரண்டுமே கணக்கைக் கெடுத்துவிடும்.

அப்படியானால் யாருடைய விருப்பும் வெறுப்பும் கலவாமல் பிரிக்க ஒரு வழி வேண்டும். அந்த வழி சீட்டுக் குலுக்கல்!

மூடிய உறைக்குள் முடிவு

காசநோய் மிகப் பழைய எதிரி. எலும்புருக்கி நோய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். அதை உண்டாக்கும் பாக்டீரியா பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். நோயாளி இருமும்போது கிருமிகள் காற்றில் பரவும். 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. சோதனைக் குழாயில் அது காசநோய்க் கிருமியைத் தடுத்தது. மனித உடலில்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். பிரிட்டனிடம் இருந்த மருந்து மிகக் குறைவு. எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்கப் போதாது. சிலருக்குத்தான் கிடைக்கும் என்றால், அந்தச் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஓர் உண்மையையும் அறிந்துகொள்வோமே என்று ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர் யோசனை சொன்னார். அவரே இளமையில் காசநோயால் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். அந்த நோயால் மருத்துவப் படிப்பையே கைவிட்டவர்.

107 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தனர். யாருக்கு மருந்து, யாருக்கு அக்கால வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும் என்பது முன்னதாகவே குலுக்கல் எண்களால் முடிவு செய்யப்பட்டு, மூடிய உறைகளில் வைக்கப்பட்டது. நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் எந்தப் படம் எந்தக் குழுவினருடையது என்று தெரியாது. ஆகவே ஆசையும் ஐயமும் அவர்கள் கண்களை மறைக்க வழியில்லை.

ஆறு மாதம் கழிந்தது. மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். 1948இல் இந்த முடிவு வெளியாயிற்று. மருந்து வேலை செய்கிறது!

ஆனால் ஆய்வு இன்னொன்றையும் காட்டிற்று. பல நோயாளிகளின் உடலில் இருந்த கிருமிகள் சில மாதங்களில் அந்த மருந்துக்கு அசைந்து கொடுக்காதவையாக மாறிவிட்டன. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் இப்படிப் பிறந்தது.

சென்னையின் கேள்வி

சென்னைக் கடற்கரையிலிருந்து மின்ரயிலில் சென்றால் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் என்ன? தாம்பரம் சானடோரியம். சானடோரியம் என்றால் காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் இடம். மருந்து இல்லாத காலத்தில் தூய காற்று, முழு ஓய்வு, பால், முட்டை போன்ற நல்ல உணவு ஆகியவையே மருந்து என்று உலகம் நம்பிற்று. நோயாளியை வீட்டிலிருந்து பிரித்துவைத்தால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றாது என்றும் நம்பினர்.

1950களில் இந்தியாவில் காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோருக்கும் படுக்கை வேண்டுமென்றால் கட்டடம் கட்டியே நாட்டின் செல்வம் தீர்ந்துவிடும். அப்படியானால் நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன?

பல மருத்துவர்கள் தயங்கினர். ஒற்றை அறை வீடு, அதில் ஆறேழு பேர், போதாத உணவு, நோயோடும் வேலைக்குப் போக வேண்டிய நிலை. அங்கே நோய் குணமாகுமா? கூடவே படுத்துறங்கும் குழந்தைகளின் கதி என்ன? இவை நியாயமான அச்சங்கள். வாதாடினால் தீராது, ஆய்ந்து பார்த்தால்தான் தீரும்.

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வை வழிநடத்தினார்.

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்குச் சென்றனர்; மறுபாதியினர் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டும் சேர்த்து, ஓராண்டுக்கு. இடம் மட்டுமே வேறு. கேள்வி எவ்வளவு கூர்மையாக இருக்கிறது பாருங்கள்!

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக உண்கிறாரா? அதையும் விடவில்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். மருந்து உடலில் சேர்ந்ததா என்று சிறுநீரைச் சோதித்தனர்.

எதிர்பாராத விடை

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தினர் எதிர்பார்த்தபடியே நன்றாக உண்டனர், நன்றாக ஓய்ந்தனர், அதிக எடையும் கூடினர். ஆனால் சளியில் கிருமி மறைந்து நோய் அடங்கியவர்கள் எத்தனை பேர்? இறுதிக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டவர்களில், சானடோரியத்தில் 81 பேருக்கு 92 சதவீதம். வீட்டில் 82 பேருக்கு 86 சதவீதம்.

"ஆறு சதவீதம் குறைகிறதே!" என்பீர்கள். ஒரு நாணயத்தை 20 முறை சுண்டுங்கள். சரியாகப் பத்துத் தலையா விழுகிறது? ஒருமுறை 8, ஒருமுறை 12 என்று மாறும். அதுபோலத் தற்செயலாகவே தோன்றக்கூடிய சிறு வேறுபாடுதான் இது. நல்ல உணவும் ஓய்வும் காற்றும் கொடுத்த பலனைவிட, ஒழுங்காக உண்ட மருந்து கொடுத்த பலனே பெரிது என்பது தெளிவாயிற்று.

குழந்தைகள் என்ன ஆனார்கள்? இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. ஏன்? நோய் இன்னதென்று கண்டுபிடிக்கப்படும் முன்பே, மாதக்கணக்கில் இருமிய காலத்திலேயே, தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் நோயாளியிடமிருந்து கிருமி பரவுவது விரைவில் குறைந்துவிடுகிறது. ஆகவே அபாயம் சிகிச்சை பெறும் நோயாளியிடம் இல்லை; சிகிச்சை தொடங்காத நோயாளியிடம்தான் இருக்கிறது.

இந்த விடையால் இலட்சக்கணக்கான தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைப் பிரியாமலே குணமடைய முடிந்தது. பிற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு மருத்துவமனைகளாக மாறின. சேத்துப்பட்டில் தொடங்கிய அந்த மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நோயாளி சோதனைப் பொருள் அல்லர்

இங்கே நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஆய்வில் இருப்பவர் நம்மைப் போன்ற மனிதர். 1947இல் பிரிட்டனில் ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே சொல்லப்படவில்லை. இன்று அப்படிச் செய்ய முடியாது. ஆய்வின் நோக்கம், நன்மை, ஆபத்து எல்லாவற்றையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லி, அவர் சம்மதம் பெற வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், பாதியில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. 1964இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் இதற்கான நெறிகளை வகுத்தது. இந்தியாவில் 2009 முதல் மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயமாயிற்று. முடிவு பிடிக்கவில்லை என்று ஆய்வையே மறைத்துவிடக் கூடாதல்லவா?

குலுக்கிப் பார்ப்பது எப்போது நியாயம்? இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டுமே. தெரிந்த பிறகும் குலுக்குவது அநீதி.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் 20 பேரின் உயரத்தை அளந்து, ஒவ்வொருவரின் பெயரையும் உயரத்தையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். சீட்டுகளைச் சுருட்டி, குலுக்கி, பத்துப் பத்தாகப் பிரியுங்கள். இரு குழுக்களின் சராசரி உயரத்தைக் கணக்கிடுங்கள். மீண்டும் குலுக்கிப் பத்து முறை இதைச் செய்யுங்கள். வேறுபாடு சில முறை ஒரு பக்கமும் சில முறை மறுபக்கமுமாக இருப்பதைக் காண்பீர்கள். இரண்டு வகுப்புகளைச் சேர்த்து 80 பேரைக் கொண்டு செய்தால் வேறுபாடு பெரும்பாலும் இன்னும் சுருங்கும். உயரத்தைச் சமமாக்கிய இதே குலுக்கல், நாம் அளக்காத எடையையும் வயதையும் நோயின் கடுமையையும் கூடச் சமமாக்க முயலும். அதன் சிறப்பே அதுதான்.

இனி யாராவது, "இந்த மருந்தைச் சாப்பிட்டேன், நோய் பறந்துவிட்டது" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று? குழுக்களைப் பிரித்தது யார்? முடிவை மதிப்பிட்டவர் யார்?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். அந்த மருந்தை இன்று நாம் வீட்டிலிருந்தே உண்ண முடிவதற்கு, அன்று சென்னையில் சீட்டின் முடிவை ஏற்றுக்கொண்ட 193 எளிய மனிதர்களும் ஒரு காரணம்.