தோலில் பிறந்த சீல்

உறுப்பினர்களே, குக்கர் கேஸ்கட் தேய்ஞ்சா ஆவி வெளியே போயிடும். கைப்பம்பில் வாஷர் போனா எவ்வளவு அடிச்சாலும் தண்ணி ஏறாது. விம்கோ நகர், எண்ணூர் பக்கத்து ஆலைகளின் பம்பும் கம்ப்ரஸரும் இப்படிப்பட்ட வளையங்களை நம்பித்தான் ஓடுகின்றன. அதற்குப் பெயர் சீல். அதைச் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் கதை இது.

ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊர். அங்கே 1849-ல் கார்ல் யோஹான் ஃப்ராய்டன்பெர்க் ஒரு கூட்டாளியோடு தோல் பதனிடும் தொழில் தொடங்கினார். 80 வருஷம் தோல்தான் பிழைப்பு. 1929-ல் உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் வாரிசுகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தெரிந்த தோலையே வெட்டி, இயந்திரங்களுக்கு சீல் செய்தார்கள். குழுத் தொழில் செய்யும் நமக்கு இந்த இடம்தான் முக்கியம்.

அடுத்து வந்தது 'சிம்மரிங்'. உலோக வளையத்துக்குள் தோல் விளிம்பு. அதைச் சுழலும் தண்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். ஆயில் வெளியே ஒழுகாது, தூசி உள்ளே போகாது. ஆனால் அதிகச் சூட்டைத் தோல் தாங்காதே! அதனால் 1930-களிலேயே செயற்கை ரப்பருக்கு மாறினார்கள்.

நம்ம ஊர்ப்பக்கமும் இந்தப் பெயர் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி மையம் அமைத்தது இதே கம்பெனிதான்.