மேகத்தை நோக்கும் பயிர்: விற்றுவக்கோட்டுத் திருமொழி காட்டும் உறுதி

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாள்தோறும் ஒரு பாசுரமாவது சேவிப்பது, ஒரு ப்ரபந்தத்தையாவது நெஞ்சில் பதியவைப்பது, வாரந்தோறும் காலக்ஷேபம் கேட்பது என்று ஸங்கல்பம் செய்துகொண்டு தொடங்கும் அடியார்கள் பலர். உத்யோகம் நிலைக்குமா என்ற கவலை, வெளிநாட்டில் விசா புதுப்பிக்கப்படுமா என்ற கலக்கம், இல்லத்தில் ஒருவருக்கு நோய் ஆகியவை வந்தவுடன் முதலில் தளர்வது அந்த ஸங்கல்பமே. ‘மனம் ஒன்றாமல் சேவித்து என்ன பயன்? நிலைமை சீரான பின் தொடரலாமே’ என்று தோன்றுகிறது. இக்கேள்விக்கு நேரான விடையாக அமைந்திருப்பது, குலசேகராழ்வார் அருளிச்செய்த பெருமாள் திருமொழியின் ஐந்தாம் பதிகம். மலைநாட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றான திருவிற்றுவக்கோட்டு எம்பெருமான் விஷயமானது இது.

அவதாரிகை

இப்பதிகம் அமைந்த இடம் கவனிக்கத்தக்கது. இதற்கு முந்தைய நான்காம் திருமொழியில் ஆழ்வார் திருவேங்கடமலையைப் பற்றிப் பாடுகிறார். அங்கே பறவையாகவோ, மீனாகவோ, எம்பெருமான் ஸந்நிதிப் படியாகவோ, எதுவாயினும் ஆகக் கிடைத்தால் போதும் என்று வேண்டுகிறார். வேண்டிய பேறு உடனே வாய்க்கவில்லை. அந்நிலையில், ‘நீ என் துயரைத் தீர்க்காவிட்டாலும், என்னை விரும்பாவிட்டாலும், எனக்கு உன்னையன்றி வேறு புகல் இல்லை’ என்று அநந்யகதித்வத்தை விண்ணப்பம் செய்வதாக ஐந்தாம் திருமொழி வருகிறது. எனவே இது, கேட்டது கிடைக்காத காலத்தில் பிறந்த பதிகம்.

த்ருஷ்டாந்தங்கள்

முதல் ஒன்பது பாசுரங்களிலும் ஒவ்வொரு த்ருஷ்டாந்தம் அமைந்துள்ளது. கோபித்துத் தள்ளும் தாயின் அருளையே நினைந்து அழும் குழந்தை, கணவனையன்றி வேறறியாத குலமகள், துன்பமே நேர்ந்தாலும் அரசனின் செங்கோலையே நோக்கி வாழும் குடிகள் என்று தொடங்குகிறார். நான்காம் பாசுரத்தில் மருத்துவனும் நோயாளியும் வருகின்றனர். கத்தியால் அறுத்துச் சூடிட்டாலும் நோயாளிக்கு மருத்துவனிடம் அன்பு மாறுவதில்லை. நோவு உண்மை, அது தெரியவில்லை என்று ஆழ்வார் சொல்லவில்லை. நோவு தருகிற கை எவருடையது என்ற தெளிவே அங்கே உறுதிக்குக் காரணமாகிறது.

ஐந்தாம் பாசுரத்தில் நடுக்கடலில் செல்லும் மரக்கலத்தின் பாய்மரத்தில் இருக்கும் பறவை. அது எழுந்து எத்திசையும் பறந்து பார்க்கிறது. கரை காணாமல் அந்தக் கொம்பிற்கே மீள்கிறது. நம் மனமும் இவ்வாறே அலையும். அலைந்ததற்காகப் பறவை பழிக்கப்படவில்லை. திரும்பி வந்ததே அதன் பெருமையாகக் காட்டப்படுகிறது. பத்து நாள் அநுஸந்தானம் விட்டுப்போனவர்க்கு இதைவிட ஆறுதலான த்ருஷ்டாந்தம் வேறு வேண்டுமோ?

ஆறாம் பாசுரத்துத் தாமரை, நெருப்பு அருகில் வந்து வெம்மை காட்டினாலும் மலராது, ஆதித்யனுக்கே மலரும். ஏழாவதில், வானம் எவ்வளவு காலம் மறந்திருந்தாலும் பயிர் கருமேகத்தையே நோக்கி நிற்கிறது. மழையைப் பெய்விப்பது பயிரின் கையில் இல்லை. வேரை மண்ணைவிட்டு எடுக்காமல் நிற்பது ஒன்றே அதனால் ஆவது. மழை வரும் நாளில் பயன்பெறுவது அவ்வாறு நின்ற பயிரே. எட்டாவதில், ஆறுகள் எங்கு ஓடினாலும் கடலிற் புகுந்தே தீரவேண்டும் என்கிறார்.

ஒன்பதாம் பாசுரத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். எம்பெருமானையே வேண்டிச் செல்வத்தை வேண்டாதவனை, அச்செல்வம் தானே விரும்பித் தொடரும் என்ற செய்தி அதில் வருகிறது. ‘பகவானை நாடினால் பணம் தேடிவரும்’ என்று மட்டும் இதைப் பொருள்கொண்டால் ஆழ்வார் திருவுள்ளம் கைநழுவும். இங்கு ஆழ்வார் தம்மை ஒப்பிடுவது அந்தப் பக்தனோடு அன்று, செல்வத்தோடு. வேண்டாம் என்றவனை விடாது தொடரும் செல்வம்போல், நீ வேண்டாம் என்றாலும் நான் உன்னையே தொடர்வேன் என்கிறார். நிலையில்லாதது என்று பெயர்பெற்ற செல்வத்தையே நிலைத்த உறுதிக்குச் சான்றாக்கிய அழகு இது.

ஓர் ஐயம்

‘அப்படியானால் முயற்சி ஒன்றும் வேண்டாமா?’ எனில், அங்ஙனம் அன்று. உத்யோகம் தேடுவதும், மருத்துவம் செய்வதும், குடும்பத்தைக் காப்பதும் செய்யவேண்டிய கடமைகளே. அநுஸந்தானத்தை அவற்றின் பலனுக்கு விலையாக வைப்பதையே விலக்கவேண்டும். வங்கிப் பணியில் இருந்த அடியேனுக்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்றுண்டு. பாசுரம் சேவிப்பதை வைப்புத்தொகையாக எண்ணினால், வட்டி வராத நாளில் கணக்கை முடிக்கத் தோன்றும். நம் ஸம்ப்ரதாயத்தில் உபாயம் எம்பெருமானே. நாம் சேவிப்பது கைங்கர்யம். கைங்கர்யத்திற்குப் பலன் கைங்கர்யமே ஆகையால், நிலைமை மாறினாலும் அதைக் கைவிடக் காரணம் இல்லை.

பூர்வாசார்யர் அநுஷ்டானம்

1323-இல் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, பிள்ளைலோகாசார்யர் முதிர்ந்த திருமேனியோடு நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். நம்பெருமாள் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியது 1371-இல், 48 ஆண்டுகளுக்குப் பின். அந்நாளைப் பிள்ளைலோகாசார்யர் காணவில்லை; ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆயினும், திருமலையாழ்வாரை ஸம்ப்ரதாயத்திற்கு மீட்டுக் கொணர வேண்டும் என்று தம் சிஷ்யர்களுக்கு நியமித்தே சென்றார். கூரகுலோத்தம தாஸர் அதை நிறைவேற்றினார். அந்தத் திருமலையாழ்வாரே திருவாய்மொழிப்பிள்ளை. அவருடைய சிஷ்யரே மணவாளமாமுனிகள். திருவரங்கம் மீளுமா என்று எவரும் அறியாத காலத்தில், அன்று செய்யக்கூடியதை அவர் செய்துவைத்தார். அதன் பயனை இன்று நாம் அநுபவிக்கிறோம்.

நாம் செய்யத்தக்கது

முதலில், சிறிய அளவைக் கொள்க. நாளுக்கு ஒரு பாசுரம் என்றால் இப்பதிகத்திற்குப் பத்து நாள். பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களுக்கு மூன்றரை மாதம். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கு மூன்றாண்டும் ஒரு வாரமும். இரண்டாவது, ஒரு வேளையையும் ஓர் இடத்தையும் குறித்துக்கொள்க. திருவாராதனத்தை ஒட்டி அமைந்தால் நன்று. மூன்றாவது, ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய முயலாமல், விட்ட இடத்திலிருந்து தொடர்க. அநத்யயன காலத்தில் இல்லங்களில் திவ்யப்ரபந்த ஸேவையை நிறுத்தி, பின்பு மீண்டும் தொடங்கும் வழக்கம் நமக்கு உண்டன்றோ? இடைவெளி என்பது முறிவு ஆகாது. நான்காவது, மனம் ஒன்றவில்லை என்பதற்காக நிறுத்தவேண்டாம். அந்தக் கலக்கத்தையே ஆழ்வாரைப்போல் எம்பெருமானிடம் விண்ணப்பம் செய்துவிட்டு, அன்றைய பாசுரத்தைச் சேவிக்கலாம்.

நிலைமை சீரான பின் சேவிப்போம் என்று காத்திருந்தால், மழை பெய்தபின் வேர் ஊன்ற நினைக்கும் பயிராவோம். கலக்கம் உள்ள இன்றைக்கே இப்பதிகத்தின் ஒரு பாசுரத்தைப் பொருளுணர்ந்து சேவிக்கத் தொடங்குவோம்.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.
அடியேன் ராமாநுஜதாஸன்