விடுமுறைக்கு ஊர் வரும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பழக்க

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூனில், வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட். அதற்குள் கந்தர்வக்கோட்டையில் பள்ளி திறந்துவிடும். முந்திரிச் சீசனும் ஓய்ந்திருக்கும். உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாடக் கிடைப்பது மாலையில்தான். அதனால் பகல் பொழுது தாத்தா பாட்டிகளான உங்கள் பொறுப்பு.

• காலையில் கடைக்கு அனுப்புங்கள். சாமான் பட்டியலைப் பிள்ளையே தமிழில் எழுதட்டும். "கால் கிலோ, அரைக் கிலோ" என்று வாயால் கேட்டு வாங்கட்டும். ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டாம் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் நம்மவர்களுக்கு ஆங்கிலம் தானாக வந்துவிடும்!

• பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர், புதுக்கோட்டை வண்டிகளின் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

• "அக்கா வந்தான்" என்றால் யாரும் சிரிக்கக் கூடாது, முக்கியமாகச் சித்தப்பா. "அக்கா வந்துட்டாளா?" என்று பதிலிலேயே திருத்தம் இருந்தால் போதும். சிரிப்புக்குப் பயந்த பிள்ளை அப்புறம் வாயே திறக்காது.

• ஒரு ஞாயிறு சித்தன்னவாசல் போங்கள். அங்கே ஏழடிப்பட்டம் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தைக் காட்டலாம். வெயிலுக்கு முன் மலை ஏறிவிடுங்கள்.

• பிள்ளைகள் வெளிநாடு திரும்பிய பின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் உதவும். வாரம் ஒருமுறை அப்பத்தாவோடு வீடியோ அழைப்பு. பக்கத்தில் பெற்றோர் உட்கார்ந்து மொழிபெயர்க்காமல்.