தோட்டக் கொட்டகைக்குக் காங்கிரீட் தளம் எதற்கு?

மண்வெட்டியும் உரமூட்டையும் வைக்கும் தகரக் கொட்டகைக்கு ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில் முழுக் காங்கிரீட் தளம் வீண்செலவு. பாரம் குறைவு, தளத்தைக் கெடுப்பது நீர்தான். 2020 அக்டோபர் மழையில் நகரின் தாழ்வான பகுதிகள் மூழ்கியதை மறக்கலாமா? பணத்தைக் கனத்தில் போடாமல் உயரத்தில் போடுங்கள். மேல்மண்ணை வாரிவிட்டு, இங்கே மொரம் என்று விற்கும் கிராவல் மண்ணை நான்கு அங்குல அடுக்குகளாகக் கொட்டி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து, சுற்றுத்தரையைவிட அரை அடி உயர்த்துங்கள். மேலே கிரஷர் தூள் பரப்பித் தாண்டூர் கல் பாவினால் போதும்.

ஓரம் சரியாதா என்பார்கள். சும்மா விட்டால் சரியும். சுற்றிலும் ஒரு வரி சிமெண்ட் கல் வைத்துக் கட்டினால் மண் நகராது. பாவிய கல் ஒன்று இறங்கினாலும் பெயர்த்துச் சமன் செய்யலாம். காங்கிரீட் வெடித்தால் அது முடியுமா? கரிசல் மனை மட்டும் விதிவிலக்கு: நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும், அங்கே மண்ணை இன்னும் ஆழமாக வாரியெடுங்கள். காற்றில் தகரம் பறக்காமலிருக்க மூலைக் கால்களுக்குக் குழிவெட்டிக் காங்கிரீட் போடுங்கள். அதில் சிக்கனம் கூடாது.