இந்த மாதப் பாடம்: அடுக்குமாடி வீடு வாங்கும் முன்பு



நம் பிள்ளைகள் பலர் ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். "வாடகை கட்டுற காசுல சொந்தமா ஒரு பிளாட் வாங்கிடலாம்மா" என்று மகன் சொன்னதும் நகையை அடகு வைத்து, குழுவில் கடன் கேட்டு, முன்பணம் திரட்டும் தாய்மார்களைப் பார்க்கிறோம். ஆசை தவறில்லை. ஆனால் விற்பனை மந்தமான காலத்தில், கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டுவதில் உள்ள ஆபத்துகளைத் தெரிஞ்சுக்கணும்.

1. விலை இறங்கும், கடன் இறங்காது

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டு விலை 30 லட்சம். கைப்பணம் 6 லட்சம், வங்கிக் கடன் 24 லட்சம். வட்டி 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 21,600 ரூபாய். 3 வருடத்தில் கட்டுவது சுமார் 7 லட்சத்து 77 ஆயிரம். அசலில் குறைவதோ ஒன்றரை லட்சம்தான். பாக்கி 22 லட்சத்து 50 ஆயிரம்.

அந்த நேரம் மகனுக்கு வேலை போய், வீட்டை 24 லட்சத்துக்குத்தான் விற்க முடிகிறது என்றால், கடன் அடைத்தபின் மிஞ்சுவது ஒன்றரை லட்சம். போட்டது 13 லட்சத்து 77 ஆயிரம். பதிவுச் செலவு தனி.

2. விற்பனை நின்றால் வேலையும் நிற்கும்

கட்டுபவர் பெரும்பாலும் நாம் கட்டும் தவணையில்தான் மேல்மாடி எழுப்புகிறார். வாங்க ஆள் குறைந்தால் வேலை பாதியில் நின்றுவிடும். ஆனால் வங்கி கொடுத்த பணத்துக்கு வட்டி ஓடும். டெல்லி பக்கம் நொய்டாவில் ஆம்ரபாலி நிறுவனத்தின் திட்டங்களில் 42,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டிவிட்டு வீடு இல்லாமல் தவித்தார்கள். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பதிவை ரத்து செய்து, வேலையை முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனத்திடம் கொடுத்தது.

கட்டடத்தின் உறுதியும் முக்கியம். சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்துக் கட்டடமும் 2016-ல் தகர்க்கப்பட்டது.

3. காலி வீடுகளின் சுமை

லிப்ட், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், காவலாளி எல்லாவற்றுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை உண்டு. பாதி வீடு காலியாக இருந்தால், குடியிருப்பவர்கள் தலையில் கூடுதல் பாரம் விழலாம். மாடி உயர உயர, ஒவ்வொருவருக்கும் வரும் பிரிபடாத நிலப் பங்கும் குறைவு. கட்டடம் பழசாகும், நிலம்தான் மதிப்பைத் தாங்கும்.

4. அம்மாவின் கையெழுத்து

கடன் பத்திரத்தில் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் நம்முடையதும்தான். "சும்மா ஒரு கையெழுத்து" என்று எதுவும் கிடையாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

ரியல் எஸ்டேட் சட்டம் 2016-ல் வந்தது. சுருக்கமாக ரெரா என்பார்கள். அதன்படி:

* பெரிய அடுக்குமாடித் திட்டங்களைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள்.
* விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.
* வசூலில் 70 சதவீதம், அந்தத் திட்டத்துக்கென உள்ள தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்.
* சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு பணத்தை வட்டியோடு கேட்கலாம். காத்திருந்தால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. ஆறு மாதம் சம்பளம் வராவிட்டால் தவணையை யார் கட்டுவது?
2. கட்டி முடித்து ஆட்கள் குடியிருக்கும் வீடு அதே விலைக்குக் கிடைக்குமா?
3. வாடகைக்கும் தவணைக்கும் மாதம் எவ்வளவு வித்தியாசம்?

தமிழ்நாட்டில் 1989-ல் மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கியது நம் தருமபுரியில்தான். எதற்குக் கடன், எப்படிக் கட்டுவீங்க என்று கேட்காமல் நாம் ஐயாயிரம் கூடக் கொடுப்பதில்லை. அதே கேள்வியை வீட்டிலும் கேட்போம். பதில் கிடைக்கும்வரை முன்பணம் நம் கையிலேயே இருக்கட்டும்.