நம்ம தெருவுக்கு யார் பொறுப்பு?

சி ரூசாவில் சமய வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, கடை லைசென்ஸ், சாக்கடை, மதிப்பீட்டு வரி எல்லாம் நகராண்மைக் கழகம்தானே பார்க்குது? அதுக்கு ஏன் நாம ஓட்டுப் போடறதில்ல?"

நல்ல கேள்வி. 1951-இல் ஜார்ஜ்டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சி மன்றத் தேர்தல்களை நிறுத்தினார்கள். 1976 சட்டம் அவற்றை அடியோடு எடுத்துவிட்டது. இன்று உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

ஆக, வியாபாரம் படுத்தாலும் வரி கனத்தாலும் அந்த வருத்தத்தைச் சட்டமன்றத் தேர்தலில்தான் காட்ட முடியும். அங்கேயோ கட்சிப் பேச்சில் சாக்கடைப் பேச்சு அமுங்கிப்போகிறது.

2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே ஓட்டுரிமை உண்டு. பதிவும் தானாகவே நடக்கிறது. அடுத்த முறை வேட்பாளர் வந்தால் கேளுங்கள்: "எங்க பகுதிக்கு யாரை உறுப்பினரா போடுவீங்க?" கேட்பதும் தொண்டுதான்.